திறந்தால் ஓடுகிற பெட்டி

"களை பறிக்கிற வீட்டுப் பொண்ணு நீ. கம்பெனிக்காரன் செஞ்ச பெட்டியத் திறந்து அதுல என்னத்தப் பறிக்கப் போற?"

எங்கள் ஊர்க் கேபிள்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டது இது. அம்மா அப்போதுதான் வயலிலிருந்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாகக் கேட்டார். நான் வெள்ளைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "திறந்து பாத்துட்டுச் சொல்றேண்ணே" என்றேன்.

அவர் சொன்ன விவரத்தில் தவறு ஒன்றும் இல்லை. என் அம்மா களை பறிக்கிறவள், நாற்று நடுகிறவள். அப்பா மற்றவர்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டியவர். இப்போது கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து எங்களுக்கென்று பயிர் வைக்கிறார். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டி, கல்லூரிக்கும் போனவள் நான்தான் முதல். தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். அங்கேயே ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கேபிள்காரர் இதை ஏச்சாகச் சொன்னார். நான் முகவரியாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளைப் பெட்டி வைஃபை ரவுட்டர். திருவையாற்றுக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் அவர் கம்பி போகிற ஊர்களிலெல்லாம் அதேதான். மேலே பெயர்கூடக் கிடையாது. மின்சாரம் போய்த் திரும்பினால் கடவுச்சொல் முதற்கொண்டு எல்லாவற்றையும் மறந்துவிட்டு, அன்றைக்குத்தான் பிறந்தது மாதிரி உட்கார்ந்திருக்கும். எங்கள் பக்கத்தில் மின்சாரம் எப்படிப் போய் வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் கேபிள்காரரின் ஆள் பைக்கில் வந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டுத் தர வேண்டும். அவர் வருவதற்குள் எதிர்வீட்டு அக்கா சிங்கப்பூரிலிருக்கும் கணவரோடு பேசுகிற நேரம் போய்விடும். பெட்டியைச் செய்த கம்பெனி கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டது. அதற்கு இனி யாரும் எதையும் சரிசெய்து தரப்போவதில்லை. "புதுசு வாங்கிக்குங்க" என்பதுதான் கேபிள்காரரின் ஒரே வைத்தியம்.

பெட்டியில் கோளாறு இல்லை, உள்ளே ஓடுகிற மென்பொருளில்தான் கோளாறு என்று நான் சொன்னேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

உலகத்தில் பல ஊர்களில் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் விட்டிருக்கிற ஃபர்ம்வேர் ஒன்று இருக்கிறது. ஃபர்ம்வேர் என்றால் ரவுட்டருக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்தான். கம்பெனி கைவிட்ட பெட்டிகளிலும் அதைப் போட்டு ஓட்டலாம். ஆனால் அந்த மாதிரிப் பெட்டி அதன் பட்டியலில் இருக்க வேண்டும். எங்கள் வெள்ளைப் பெட்டி இல்லை. யாராவது ஒருத்தர் சேர்க்க வேண்டும். நான் சேர்ப்பதென்று முடிவு செய்தேன்.

அடியில் ரப்பர் கால்களைப் பிடுங்கினால் திருகாணிகள். மூடியைத் தூக்கினால் பச்சைப் பலகை. அதன் ஓரத்தில் ஒன்றும் பொருத்தாமல் விட்ட சின்னத் துளைகள் வரிசையாக இருந்தன. கம்பெனிக்காரர்கள் தங்கள் சோதனைக்காக விட்டுவைக்கிற துளைகள் அவை. அவற்றில் ஈயம் உருக்கி மூன்று கம்பிகளைப் பற்றவைத்து லேப்டாப்பில் சேர்த்தேன். மின்சாரம் கொடுத்ததும் திரையில் வரிவரியாக எழுத்து ஓடியது. நான் இன்னார், என் நினைவகம் இவ்வளவு, இப்போது இதைச் செய்கிறேன் என்று பெட்டி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனது. அம்மா எட்டிப் பார்த்து, "ஏதாச்சும் சொல்லுதா?" என்றாள். "எல்லாத்தையும் சொல்லுதும்மா. இவ்வளவு நாளா யாரும் கேக்கல, அவ்வளவுதான்."

அப்புறம் எழுத வேண்டிய வேலை. எந்த முனையில் எந்த விளக்கு, எந்த முனையில் பொத்தான், நினைவகத்தில் எந்தப் பகுதியில் என்ன இருக்கிறது என்று ஒரு கோப்பில் விவரிக்க வேண்டும். எந்த மடை திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் போகும் என்று தெரியாமல் வாய்க்காலில் கை வைக்கக் கூடாது, இதுவும் அப்படித்தான். குறிப்பாக, ஒரு பகுதியில் அந்தப் பெட்டியின் ரேடியோவைச் சுருதி சேர்த்த கணக்கு இருக்கும். அதை அழித்துவிட்டால் பெட்டி ஓடும், ஆனால் வைஃபை பக்கத்து அறைக்கும் எட்டாது. அதனால் எதைத் தொடுவதற்கு முன்னாலும் முழுவதையும் நகல் எடுத்து வைத்தேன்.

எழுதியதைப் பொதுப் பட்டியலுக்கு, அதாவது அந்த ஃபர்ம்வேரை எழுதுகிறவர்கள் எல்லோரும் படிக்கிற இணையப் பக்கத்துக்கு, அனுப்பினேன். அங்கே பார்த்துத் திருத்துகிறவர் ஒருவர். ஏதோ குளிர்நாட்டுக்காரர், இன்றுவரை முகம் தெரியாது. முதல் பதிலே சிவப்புத் திருத்தங்களோடு வந்தது. விளக்குகளின் பெயர் முறைப்படி இல்லை. இந்த வரி எதற்கு? உள்ளே எடுத்த படம் எங்கே? திருத்தி அனுப்பினேன். மறுபடி கேள்விகள். அவற்றில் ஒன்று எனக்குச் சுருக்கென்றது: "இந்தப் பெட்டியை எந்தக் கடையிலும் என்னால் பார்க்க முடியவில்லை. உண்மையிலேயே இதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்களா?"

நான் எழுதினேன்: "கடையில் கிடைக்காது. எங்கள் தெருவில் கிடைக்கும். வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்குகிறது."

கடைசியில் கையொப்ப வரி. இந்த மாற்றத்துக்கு நான் பொறுப்பு என்று சொல்லி, அனுப்புகிறவர் தன் பெயரை அடியில் எழுத வேண்டும். நான் என் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்துப் போட்டிருந்தேன். ஒன்று அம்மாவுடையது, ஒன்று அப்பாவுடையது. முழுப் பெயர் வேண்டும், சுருக்கெழுத்துகள் போதாது என்று அவர் எழுதினார். இதுதான் என் முழுப் பெயர் என்று பதில் போட்டேன். எங்கள் ஊரில் பிள்ளைகள் பெற்றவர்களின் முதலெழுத்தைத்தான் சுமப்போம். என்னைப் பெற்றவர்கள் எங்கே போனாலும் கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு நிற்கிறவர்கள். அவர்கள் எழுத்து இந்த வரியில் இருந்தே ஆகும். இந்தப் பின்பாதியை நான் அவருக்கு எழுதவில்லை. முன்பாதியே போதும் என்று அவரும் விட்டுவிட்டார்.

வெள்ளைப் பெட்டி பட்டியலில் ஏறியது. அதற்கு எதிரே, பராமரிப்பவர் என்ற இடத்தில், என் பெயர்.

முதலில் எங்கள் வீட்டுப் பெட்டி, அப்புறம் அக்கா வீடு, அப்புறம் கேட்டவர்கள் வீடு என்று ஒவ்வொன்றாகப் புதிய ஃபர்ம்வேரைப் போட்டேன். மின்சாரம் போய் வந்தது. பெட்டி மறக்கவில்லை. கேபிள்காரரின் ஆள் எங்கள் தெருவுக்கு வருவது நின்றது. ஒருநாள் கடைத்தெருவில் அந்த ஆளைப் பார்த்து, "ஏங்க, எங்க தெருப் பக்கம் ஆளையே காணோம்?" என்றேன். "ஒங்க தெருவுக்குத்தான் நீ இருக்கியேம்மா" என்று சிரித்தார். கேபிள்காரர் சிரிக்கவில்லை. இணைப்புக் கட்டணம் அவருக்கு வந்துகொண்டுதான் இருந்தது. பெட்டியில் இனி யார் கை வைப்பது என்பதுதான் அவருக்கு உறுத்தல்.

சேர்ப்பதோடு முடிகிற வேலை இல்லை இது. அடியிலிருக்கும் கர்னல் என்கிற பகுதி மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவை மாறும்போதும் என் பெட்டியில் போட்டுப் பார்த்து, ஓடுகிறது அல்லது ஓடவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லாத பெட்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதற்கென்றே மேசையில் ஒரு பெட்டியை மூடி இல்லாமல், கம்பிகளோடு எப்போதும் வைத்திருந்தேன். மூடி அலமாரியில் கிடந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அப்படி ஒரு கர்னல் மாற்றம் வந்தது. புதிய பதிப்பு வெளியாக இருந்த சமயம். என் மேசைப் பெட்டியில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக ஓடியது. தெருவில் எல்லா வீட்டிலும் அதையே ஏற்றினேன். ஓடியது. பூஜை வந்தது. எல்லோரும் செய்வது போல மண்வெட்டி, அரிவாள், தையல் மெஷின், பைக், மிக்சி எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்கு எதையும் எடுக்காமல் ஓய்வு கொடுத்தோம்.

மறுநாள் விஜயதசமி காலை எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று கூப்பிட்டார். "ஏய், இங்க வா. பெட்டி செவப்பு லைட்டு போட்டுக்கிட்டு அப்படியே நிக்குது. ஒன் மாமா போன் அடிச்சுக்கிட்டே இருக்காரு."

போய்ப் பார்த்தேன். சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது. அணைத்துப் போட்டாலும் அதே. அதற்குள் பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் என்றார்கள். மூன்றாவது வீட்டிலும். நான் புதிதாக ஏற்றிய வீடுகளில் ஒன்றிரண்டு தவிர எல்லாவற்றிலும் சிவப்பு. என் மேசையில் இருந்தது மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"நல்லத நீ வெச்சுக்கிட்டு நோஞ்சானை எங்களுக்குக் குடுத்துட்டியா?" என்று பக்கத்து வீட்டுச் சித்தி கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். பாதி விளையாட்டாக.

மத்தியானத்துக்குள் கேபிள்காரர் வந்துவிட்டார். யார் சொன்னார்களோ தெரியாது. பைக்கின் பின்னால் கட்டியிருந்த அட்டைப்பெட்டியில் புதிதாக வந்திருந்த கறுப்பு ரவுட்டர்கள். "பாத்தியா பாப்பா. கம்பெனி போட்டத அழிச்சா இப்படித்தான் ஆவும். அவன் என்ன முட்டாளா? சரி விடு, தெருவுல எல்லாருக்கும் நானே மாத்திக் குடுக்குறேன். ஞாயித்துக்கிழமை வரேன், பழசக் கழட்டி வைங்க."

அன்று சாயங்காலமே பொதுப் பட்டியலில் நானே எழுதினேன்: நான் பராமரிக்கிற பெட்டியில், புதிய மாற்றத்துக்குப் பிறகு, பல வீடுகளில் ஒரே சமயத்தில் இந்தக் கோளாறு. காரணம் இன்னும் தெரியவில்லை.

அம்மா கேட்டாள். "அவங்களுக்கு எப்புடித் தெரியும்? நீயா போயி ஏன் சொன்ன?"

"அது என் பேர்ல இருக்கும்மா."

"பேரு கெட்டுப்போவாதா?"

"சொல்லலன்னாத்தான் கெடும்."

குளிர்நாட்டுக்காரர் சுருக்கமாகப் பதில் போட்டார். பதிப்பு வெளியாவதற்குள் காரணம் தெரியாவிட்டால் இந்தப் பெட்டியைக் கோளாறானது என்று குறித்து நிறுத்திவிடுவேன். தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? நிறுத்தினால் எங்கள் பெட்டிக்கு இனி ஃபர்ம்வேர் வராது. ஞாயிற்றுக்கிழமை கேபிள்காரர் வெள்ளைப் பெட்டிகளை மூட்டை கட்டிக்கொண்டு போவார். என்னத்தைப் பறிக்கப் போகிறாய் என்ற கேள்விக்கு அவரே பதிலும் சொல்லிவிட்டுப் போவார். நான் அதை விடுவதாக இல்லை. அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னேன்.

அக்கா வீட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தேன். சிவப்பு. என்ன சொல்கிறது என்று கேட்க மூடியைத் திறந்து, கம்பியைச் சேர்த்து, மின்சாரம் கொடுத்தேன். பச்சை. ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சரியாகிவிட்டது என்று மூடி, திருகாணி போட்டு, மறுபடி மின்சாரம் கொடுத்தேன். சிவப்பு.

திறந்தேன். பச்சை. மூடினேன். சிவப்பு.

சித்தி வீட்டுப் பெட்டியும் அதே கதை. திறந்தால் ஓடுகிறது, மூடினால் நிற்கிறது. சூடாகிறதா என்று பார்த்தேன். போட்ட உடனேயே நிற்பதற்குச் சூடு காரணமாக முடியாது. மூடி ஏதாவது ஒன்றை அழுத்துகிறதா என்று பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. என் கர்னல் மாற்றம்தான் என்று சந்தேகித்துப் பழையதை ஏற்றி மூடினேன். அப்போதும் சிவப்பு. என் மாற்றத்தின் மேல் தப்பில்லை என்று ஒரு பக்கம் மூச்சு வந்தது. அப்படியானால் எதன் மேல் தப்பு என்று தெரியாமல் அந்த மூச்சு பாதியில் நின்றது.

அப்பா வயலிலிருந்து சாப்பிட வந்தவர், நான் திருகாணியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தெறந்தா ஓடுதுன்னா தெறந்தே வெச்சுக்க வேண்டியதுதானே? அதுக்கென்ன வெக்கமா?"

"அப்புறம் பல்லி உள்ள குடும்பம் நடத்தும்ப்பா."

"அதுக்கும் வைபை வேணுமில்ல" என்றுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

சிரித்தேன். ஆனால் திறக்காமல் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. மூடியில் காற்றுப் போவதற்கான இடுக்குகள் இருந்தன. கம்பிகளை அவற்றின் வழியாக வெளியே இழுத்து, பெட்டியை முழுவதும் மூடி, திருகாணியும் போட்டு, அப்புறம் மின்சாரம் கொடுத்தேன். திரையில் எழுத்து ஓடி, சட்டென்று நின்றது. கடைசி வரி சொன்னது: பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது, மீட்பு நிலையில் காத்திருக்கிறேன்.

எல்லா ரவுட்டரிலும் மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது ஒரு சின்ன நிரல். அதுதான் பெரிய மென்பொருளை எழுப்பும். பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் அது எழுப்பாது; பழுது பார்க்க ஆள் வருகிறார் என்று நினைத்துக் காத்திருக்கும். கம்பெனி வைத்த நிரல் அது, நாங்கள் தொடுவதில்லை. அது கெட்டால் பெட்டி மொத்தமும் போய்விடும்.

ஆனால் பொத்தானை யாரும் அழுத்தவில்லையே. பெட்டியைத் திருப்பி முகத்தைப் பார்த்தேன்.

விளக்குகளுக்குப் பக்கத்தில் வட்டமாக, விரல் நுனி அளவுக்கு, உள்வாங்கிய ஒரு குழி. அதுதான் பொத்தான். அதன் மேல் அளவெடுத்தது போல ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

இரண்டு நாளாக அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் படவே இல்லை. எப்படிப் படும்? அந்த வாரம் எங்கள் வீட்டில் பொட்டில்லாத பொருள் எது? மிக்சிக்குப் பொட்டு, கதவுக்குப் பொட்டு, என் லேப்டாப் மூடிக்குப் பொட்டு. வெளியூர்க்காரர் யாராவது வந்திருந்தால் வாசலிலேயே நின்று கேட்டிருப்பார். நாங்கள்தான் பார்க்க மாட்டோம்.

பூஜைக்காகப் பெட்டியை அணைத்திருக்கிறார்கள். ஈரச் சந்தனத்தைக் குழியில் விரலால் அழுத்தி வைத்திருக்கிறார்கள். பொத்தான் உள்ளே போய், சந்தனம் இடுக்கில் இறங்கி, மறுநாளைக்குள் காய்ந்து, அழுந்தினபடியே பிடித்துக்கொண்டது. மூடியைத் தூக்கினால் பொத்தானும் மூடியோடு போய்விடுவதால் பலகைக்கு விடுதலை. ஊக்கு முனையால் சுற்றிச் சுரண்டினேன். டிக் என்று பொத்தான் வெளியே வந்தது. மின்சாரம் கொடுத்தேன். மூடின பெட்டியில் பச்சை விளக்கு.

அலமாரியைத் திறந்து என் மேசைப் பெட்டியின் மூடியை எடுத்தேன். அம்மா அதையும் விட்டுவைக்கவில்லை. குழியில் கச்சிதமாகப் பொட்டு. பின்னால் பலகை இல்லாததால் அழுத்த ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அக்காவிடம் போய்ச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. அப்புறம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, நாந்தாண்டி வெச்சேன். எடம் பாத்து வெச்ச மாதிரி இருந்துச்சு."

"போன வருசமும் வெச்சீங்களாக்கா?"

"போன வருசம் எதுக்கு வெக்கிறேன்? போன வருசம் அது கேபிள்காரன் பெட்டி. இந்த வருசம் ஒன் பெட்டி."

ஊக்கை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். பொட்டு வைக்காத வீடுகளில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் தீட்டு, இன்னொரு வீட்டில் எல்லோரும் வேதாரண்யத்துக்கு உறவைப் பார்க்கப் போயிருந்தார்கள். கணக்கு ஒத்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை கேபிள்காரர் கறுப்புப் பெட்டிகளோடு அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார். அக்கா உள்ளிருந்தே, "எங்களுது ஓடுது, நீங்க போங்க" என்றார்.

"இன்னிக்கு ஓடும். நாளைக்கு நிக்கும். அதுல போட்டிருக்கிறது இந்தப் பொண்ணு எழுதுனது" என்றார் அவர், நான் நிற்பதைப் பார்த்துக்கொண்டே.

"அண்ணே, ஒங்க பையில பழைய வெள்ளப் பெட்டி இருக்கா? யாராச்சும் திருப்பிக் குடுத்தது?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அதுல என் கை படலல்ல?"

"ஒன் கை படாத பெட்டி, அதனாலதான் நல்லாயிருக்கு."

"அந்த வட்டத்த ஒரு விரலால அழுத்திக்கிட்டே நீங்களே கரெண்டு போடுங்கண்ணே."

வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அழுத்திக்கொண்டு போட்டார். சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது.

"இது என் சாப்ட்வேர் இல்ல. ஒங்க கம்பெனிது. இதுவும் இப்படித்தான் நிக்கும். அவன் முட்டாளான்னு கேட்டீங்களே. முட்டாள் இல்லண்ணே. எங்க வீட்டுல பொட்டு வெப்போம்னு அவனுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

சித்தி சிரித்ததில் ஆரம்பித்து வாசலே சிரித்தது. "ஏங்க, ஒங்க கறுப்புப் பெட்டியில பொட்டு வெக்க எடம் இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள். கேபிள்காரர் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டார். பைக்கை உதைக்கும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது லேசு பாப்பா. கறுப்புல ஒன் வேல நடக்காது. அதத் திருகாணி போட்டு மூடல, ஒட்டியிருக்கான். தெறக்கவே முடியாது."

அன்றே பொதுப் பட்டியலில் எழுதினேன். காரணம், சோதித்த முறை, படம். குளிர்நாட்டுக்காரர் சீக்கிரமே பதில் போட்டார்: அப்படியானால் இது பயன்படுத்துகிறவர்களின் பிழை, அப்படிக் குறித்து மூடிவிடலாம்.

பெட்டி பிழைத்தது. அதோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பிழை என்ற சொல்லை ஏற்க மாட்டேன் என்று எழுதினேன். உழைத்துத் தருகிற கருவிக்கு வருடத்தில் ஒருநாள் எங்கள் ஊரில் மரியாதை செய்வோம். என் அம்மா களைக்கொத்துக்குச் செய்கிறாள். இந்தப் பெட்டிக்கும் செய்தார்கள். ஏனென்றால் அது முதல்முறையாக ஒழுங்காக உழைத்தது. பொட்டு வைக்கிற அளவில் முன்பக்கத்தில் ஒரு குழியை வைத்து, அதற்கடியில் இப்படி ஒரு பொத்தானை வைத்தவர்தான் யோசித்திருக்க வேண்டும். பெட்டியைப் பயன்படுத்துகிறவர்களுக்கான குறிப்பை நான் எழுதுகிறேன். நீங்கள் சேர்த்தால் போதும்.

ஒருநாள் பதில் இல்லை. அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள், "வெளிநாட்டுக்காரரு என்ன சொல்றாரு?" என்று. மறுநாள் வந்தது. பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன், இப்படி ஒரு காரணத்தை இதுவரை படித்ததில்லை. உன் குறிப்பை அப்படியே சேர்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். கோளாறானது என்ற குறி வரவில்லை. புதிய பதிப்பில் வெள்ளைப் பெட்டி இருந்தது. அதற்கான இணையப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இன்றைக்கும் அந்த வரி இருக்கிறது: முன்பக்கப் பொத்தானில் சந்தனம் காய்ந்தால் பெட்டி மீட்பு நிலையில் நிற்கும், பொட்டை மேல்பக்கத்தில் வைக்கவும்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப நாங்க வெச்சது தப்பில்லேங்குற?"

"தப்பில்ல. மேல வைங்க, அவ்வளவுதான்."

"அதையும் எழுதியிருக்கா?"

"அதையும் எழுதியிருக்கு."

இந்த வருடம் எங்கள் தெருவில் எல்லா வெள்ளைப் பெட்டிக்கும் உச்சியில் பொட்டு. கர்னல் மாறும்போதெல்லாம் ஓட்டிப் பார்க்கிறேன். நினைவகம் சின்னது, ஒருநாள் இடம் போதாது என்று சொல்வார்கள். சொல்லும்போது பார்த்துக்கொள்கிறேன்.

கீழத்தெருவில் ஒரு வீட்டில் மட்டும் கறுப்புப் பெட்டி வாங்கியிருந்தார்கள். அது மின்சாரம் போனால் மறப்பதில்லை, போகாமலேயே மறக்கிறது. போன வாரம் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். கேபிள்காரர் சொன்னது போல ஒட்டித்தான் வைத்திருந்தார்கள். அம்மா தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிற சின்ன அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி, ஓரங்களைப் பதமாகச் சூடு காட்டி, பழைய ஏடிஎம் கார்டைச் செருகிச் சுற்றி வந்தேன். பிசின் விட்டது. உள்ளே துளைகள் நாலு, வரிசையாக.

கம்பி பற்றவைத்தாகிவிட்டது. நகல் எடுத்தாகிவிட்டது. முதல் கோப்பை இன்று காலை, தஞ்சாவூர் பஸ் ஏறுவதற்கு முன்னால், பட்டியலுக்கு அனுப்பிவிட்டேன். அடியில் என் பெயர், முன்னால் அந்த இரண்டு எழுத்து.